சிங்கப்பூரில் பல்லி வளர்க்க ஆசையா? சட்டப்படி ஊர்வன வளர்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

லெப்பர்ட் கெக்கோ, கிரெஸ்டட் கெக்கோ போன்ற பல்லி வகைகளை வளர்ப்பது பற்றி இணையத்தில் கொட்டிக் கிடக்கும் வழிகாட்டிகள் பெரும்பாலும் அமெரிக்காவையும் இங்கிலாந்தையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அவற்றைப் படித்துவிட்டுக் கண்ணாடிப் பெட்டி வாங்கக் கிளம்பும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். சிங்கப்பூரில் எந்த வகைக் கெக்கோவையும் செல்லப்பிராணியாக வளர்க்க அனுமதி இல்லை. ஓணான், உடும்பு, பாம்பு, நில ஆமை எதற்கும் இல்லை. இங்கே வீட்டில் வைத்துக்கொள்ளக்கூடிய ஊர்வன இரண்டே இரண்டு: சிவப்புக் காது ஆமை, மலேயப் பெட்டி ஆமை.

அதனால் இந்த வழிகாட்டி கெக்கோவைப் பற்றியது அல்ல. ஊர்வன ஒன்றை வளர்க்க வேண்டும் என்ற ஆசை உண்மையானது என்றால், அந்த ஆசையைச் சட்டத்துக்குள் நின்று, அந்த உயிருக்கும் நல்லபடியாக எப்படி நிறைவேற்றலாம் என்பதைப் பற்றியது. கடைகளில் 'டெரப்பின்' என்று சொல்லி விற்கும் சிவப்புக் காது ஆமையைத்தான் விரிவாகப் பார்க்கப்போகிறோம்.

முதலில் சட்டம்

தேசியப் பூங்காக் கழகத்தின் கீழ் இயங்கும் ஏவிஎஸ் எனப்படும் விலங்கு மருத்துவச் சேவைப் பிரிவுதான் இங்கே விலங்குகள் தொடர்பான விதிகளைக் கவனிக்கிறது. முன்பு இந்தப் பொறுப்பில் இருந்த ஏவிஏ ஆணையம் கலைக்கப்பட்ட பிறகு 2019 ஏப்ரலில் இந்தப் பிரிவு செயல்படத் தொடங்கியது. வனவிலங்குச் சட்டத்தின்படி அனுமதியின்றி வனவிலங்கை வைத்திருந்தால் 10,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் சேர்த்துக் கிடைக்கலாம். பாதுகாக்கப்பட்ட இனம் என்றால் தண்டனை இன்னும் கடுமை.

ஜோகூர் பாருவில் கடையில் வைத்து விற்கிறார்களே என்று கேட்பவர்கள் உண்டு. அங்கே விற்பது வேறு, உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியைத் தாண்டி இங்கே கொண்டுவருவது வேறு. சிவப்புக் காது ஆமையாகவே இருந்தாலும் அனுமதி இல்லாமல் எல்லை தாண்டிக் கொண்டுவரக்கூடாது. டெலிகிராம் குழுக்களில் 'இங்கேயே பிறந்தது, பயப்படாதீங்க' என்று சொல்லி விற்கும் கெக்கோவும் அப்படித்தான். எங்கே பிறந்தது என்பதை வைத்து அது அனுமதிக்கப்பட்ட இனமாகிவிடாது. சட்டத்தைவிட எனக்குப் பெரிய கவலை வேறு. ஒளித்து வளர்க்கும் விலங்குக்கு உடம்பு சரியில்லை என்றால் மருத்துவரிடம் கொண்டுபோகவே ஆட்கள் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தின் விலையை அந்தப் பிராணிதான் கொடுக்கும்.

பல்லியின் மேல்தான் மனசு என்றால், அதற்கும் வழி இருக்கிறது. இந்த ஊரில் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் வாடகை இல்லாமல் குடியிருக்கிறதே! பல்லி சொல்லுக்குப் பலன் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். இரவு எட்டு மணிக்குமேல் தாழ்வாரத்து விளக்கடியில் பிள்ளையோடு நின்று பாருங்கள். ஈசலை நெருங்கும்போது அது வாலை ஆட்டும் விதம், இரண்டு பல்லிகள் ஒரே விளக்குக்குச் சண்டை போடுவது, விட்டுப்போன வால் கொஞ்சம் கொஞ்சமாக முளைப்பது என்று பார்க்க எத்தனையோ உண்டு. பிடித்துப் பெட்டியில் அடைக்க மட்டும் வேண்டாம். சுவரில் இருக்கும்வரைதான் அதற்குச் சுகம். விதவிதமான அயல்நாட்டுப் பல்லிகளைப் பார்க்க ஆசைப்பட்டால் மண்டாய் விலங்கியல் தோட்டத்தில் 2017இல் திறந்த ரெப்டோப்பியா இருக்கிறது.

சரி, இனி ஆமைக்கு வருவோம். மலேயப் பெட்டி ஆமை இந்த மண்ணிலும் இயற்கையாக வாழ்வது. அதன் வணிகம், அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்துக்கான சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலின்கீழ் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. புதிதாகத் தொடங்குபவருக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். மிஞ்சுவது சிவப்புக் காது ஆமை.

படி 1: வாங்கும் முன் வீட்டில் பேசி முடியுங்கள்

கடையில் பார்க்கும் குஞ்சு ஐம்பது காசு நாணயத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிதாக இருக்கும். விலையும் சில வெள்ளிதான். இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். அதே குஞ்சு பெண்ணாக இருந்தால் 25 சென்டிமீட்டர் வரை, சில சமயம் அதற்கும் மேல் வளரும். ஆண் பெரும்பாலும் 20 சென்டிமீட்டருக்குள் நின்றுவிடும். நன்றாகக் கவனித்தால் 20 முதல் 30 ஆண்டு வாழும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு இன்று வாங்கித் தரும் ஆமை, அந்தப் பிள்ளை தேசிய சேவையை முடித்து, படித்து, வேலைக்குப் போய், கல்யாணம் ஆன பிறகும் உங்கள் வீட்டில் இருக்கும். இது பிள்ளையின் செல்லப்பிராணி அல்ல, பெற்றோரின் பொறுப்பு. அப்படி நினைத்து வாங்குவதாக இருந்தால் மட்டும் மேலே படியுங்கள்.

பெரியவர்கள் இருக்கும் வீடு என்றால் இன்னொரு பேச்சும் வரும். 'ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது' என்று பாட்டி சொல்லத்தான் செய்வார். அதைச் சிரித்துத் தள்ளிவிடாதீர்கள். வீட்டில் ஒருவருக்கு மனம் ஒப்பாத பிராணி கடைசியில் அடுக்களைக்குப் பின்னால், வெளிச்சம் படாத மூலைக்குத்தான் போய்ச் சேரும். உட்கார்ந்து பேசுங்கள். பக்கத்து வீட்டுச் சீனக் குடும்பத்தில் ஆமையை நீண்ட ஆயுளின் அடையாளமாகப் பார்ப்பார்கள் என்பதைக் கூடச் சொல்லலாம். அப்படியும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் விட்டுவிடுவதே நல்லது.

பேசும்போது மூன்று விஷயங்களை முடிவு செய்துகொள்ளுங்கள். நான்கடி நீளத் தொட்டிக்கு நிரந்தரமாக ஓர் இடம் இருக்கிறதா? வாராவாரம் தண்ணீர் மாற்றப்போவது யார்? ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தை, கர்ப்பிணி, புற்றுநோய்ச் சிகிச்சை எடுப்பவர் யாராவது வீட்டில் உண்டா? கடைசிக் கேள்விக்குப் பதில் 'ஆம்' என்றால் இப்போதைக்கு ஆமை வேண்டாம். காரணத்தைப் படி 7இல் சொல்கிறேன்.

படி 2: குஞ்சா, வளர்ந்ததா?

என்னைக் கேட்டால், புதிதாக வளர்ப்பவர்கள் வளர்ந்த ஆண் ஆமை ஒன்றைத் தத்தெடுப்பதுதான் நல்லது. வீடு மாறுகிறோம், நாட்டை விட்டுப் போகிறோம், தொட்டி போதவில்லை என்று ஆமையைக் கொடுத்துவிட நினைப்பவர்கள் இந்த ஊரில் எப்போதும் இருக்கிறார்கள். வளர்ந்த ஆமைக்கு உடல் உறுதி அதிகம், இனி எவ்வளவு பெரிதாகும் என்ற சந்தேகம் இல்லை, ஆணா பெண்ணா என்பதும் பார்த்தவுடன் தெரியும். ஆணுக்கு முன்னங்கால் நகங்கள் நீளமாக இருக்கும். வாலும் தடித்து நீண்டிருக்கும். பழைய தொட்டி, ஃபில்டர், விளக்கு எல்லாம் சேர்ந்தே கிடைப்பதும் உண்டு.

கடையில்தான் வாங்குவது என்றால் ஏவிஎஸ் உரிமம் பெற்ற கடையாகப் பார்த்துப் போங்கள். சிராங்கூன் நார்த் அவென்யூ 1 பக்கம் செல்லப்பிராணிக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. குஞ்சைக் கையில் எடுத்துப் பார்க்கக் கேளுங்கள். தூக்கியவுடன் நான்கு கால்களாலும் உங்கள் விரலைத் தள்ளிவிட்டு ஓடப் பார்க்க வேண்டும். துவண்டு கிடந்தால் வேண்டாம். இரண்டு கண்ணும் முழுதாகத் திறந்து, தெளிவாக இருக்க வேண்டும். இமை வீங்கியிருந்தால் அதற்கு வைட்டமின் ஏ குறைவு இருக்கலாம். மூக்கில் குமிழி வரக்கூடாது. ஓட்டின் விளிம்பை மெதுவாக அழுத்தினால் குஞ்சுக்குச் சற்றே வளையும், அது இயல்பு. ஆனால் அமுங்கிக் குழி விழக்கூடாது. தண்ணீரில் விட்டதும் நேராக நீந்துகிறதா என்று கடைசியாகப் பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்து மிதந்தால் நுரையீரலில் பிரச்சினை இருக்கலாம்.

ஒன்று போதும். 'தனியா இருந்தா பாவம்' என்று கடைக்காரர் இரண்டாக எடுக்கச் சொல்வார். இந்த ஆமைக்குத் துணை தேவையில்லை. இரண்டு ஆண்கள் சேர்ந்தால் கடித்துக்கொள்ளும், ஆணும் பெண்ணும் சேர்ந்தால் பெண்ணுக்கு ஓய்வே இருக்காது.

படி 3: தொட்டி

குஞ்சோடு சேர்த்து, நடுவில் பிளாஸ்டிக் தென்னைமரம் வைத்த சின்னத் தட்டு ஒன்றைக் கொடுப்பார்கள். அதை வாங்கவே வேண்டாம். ஆமை நீந்த வேண்டும். அந்தத் தட்டில் நீந்தவும் முடியாது, கரையேறிக் காயவும் முடியாது.

பொதுவாகப் பின்பற்றும் கணக்கு இது: ஓட்டின் நீளத்தில் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஏறக்குறைய 15 லிட்டர் தண்ணீர். 10 சென்டிமீட்டர் ஆமைக்கு 150 லிட்டர், 20 சென்டிமீட்டர் ஆணுக்கு 300 லிட்டர். நான்கடி நீளம், இரண்டடி அகலத் தொட்டியில் 40 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் நிரப்பினால் 290 லிட்டர் பக்கம் வரும். கண்ணாடித் தொட்டிதான் வேண்டும் என்பதில்லை. கெட்டியான பெரிய பிளாஸ்டிக் டப் விலையும் குறைவு, கழுவவும் எளிது, ஆமைக்கு அது போதும். பக்கவாட்டில் பார்க்க முடியாது என்பது ஒன்றுதான் குறை.

எடையை மறக்காதீர்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 290 லிட்டர் என்பது நான்கைந்து பெரியவர்கள் இரவும் பகலும் ஒரே இடத்தில் நிற்கும் எடை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் அறை நடுவே வைக்காமல் சுவரோரமாக, எடை பரவி இறங்கும்படி உறுதியான அடித்தளத்தின் மேல் வையுங்கள். அலமாரித் தட்டு இதைத் தாங்காது. பொதுத் தாழ்வாரத்தில் வைப்பதும் சரிவராது. தீ விபத்து நேரத்தில் ஆட்கள் வெளியேற வேண்டிய வழி அது.

வைக்கக்கூடாத இடங்கள் இன்னும் இரண்டு. ஒன்று, ஏர்கான் போட்டுத் தூங்கும் அறை. தண்ணீர் சூடாகவும் மேலே காற்று குளிர்ந்தும் இருந்தால் ஆமைக்குச் சளி பிடித்து நுரையீரல் வரை போகும். மற்றொன்று, நாள் முழுக்க நேர் வெயில் விழும் பால்கனி. மதியத்தில் சின்னத் தொட்டியின் நீர் சுட்டுவிடும், ஆமைக்கு ஒதுங்க இடம் இருக்காது.

உள்ளே போட வேண்டியது அதிகம் இல்லை. அடியில் கூழாங்கல் பரப்ப வேண்டாம். ஆமை அதை விழுங்கும், குடல் அடைக்கும். தரை வெறுமையாக இருந்தால் கழிவை உறிஞ்சி எடுப்பதும் எளிது. ஆனால் வெயில் காய ஒரு மேடை கட்டாயம். தண்ணீரிலிருந்து ஏறச் சரிவு இருக்க வேண்டும், மேலே முழு உடம்பும் நீர் படாமல் நிற்க வேண்டும், ஆமையின் எடைக்கு அது மூழ்கக்கூடாது. கடையில் விற்கும் மிதக்கும் மேடைகள் பெரும்பாலும் குஞ்சுக்குத்தான் தாங்கும். மேடையிலிருந்து தொட்டியின் விளிம்பு வரை போதிய உயரம் விடுங்கள். இந்த ஆமைகள் ஏறுவதில் கெட்டிக்காரர்கள். பன்னிரண்டாவது மாடியில் அது விளையாட்டல்ல.

படி 4: தண்ணீரும் ஃபில்டரும்

ஆமை வளர்ப்பு என்பது முக்கால்வாசி தண்ணீர் வளர்ப்புதான். சாப்பிடுவதும் கழிப்பதும் ஒரே நீரில். அந்தக் கழிவிலிருந்து அம்மோனியா வரும். ஒரு வகைப் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் ஆமையின் கண்ணையும் தோலையும் எரிக்கும். மூன்றாவது அளவோடு இருந்தால் பெரிய தொல்லை இல்லை, தண்ணீர் மாற்றும்போது போய்விடும். இந்தப் பாக்டீரியா குடியேறுவதற்குத்தான் ஃபில்டர். புதுத் தொட்டியில் அவை பெருக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதுவரை தண்ணீரை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும்.

மீன் தொட்டிக்கு என்று எழுதியிருக்கும் ஃபில்டர் அளவை நம்பாதீர்கள். ஆமையின் கழிவு மீனைவிடப் பல மடங்கு. உங்கள் தொட்டி 150 லிட்டர் என்றால் 300, 400 லிட்டர் மீன் தொட்டிக்கான ஃபில்டரை வாங்குங்கள். தொட்டிக்கு வெளியே நிற்கும் கேனிஸ்டர் வகை நல்லது. இதில் காசைப் பார்க்க வேண்டாம். மொத்தச் செலவில் ஆமையின் விலை ஒன்றுமே இல்லை, ஃபில்டரும் விளக்கும்தான் பெரிய செலவு.

நம் ஊர்க் குழாய்த் தண்ணீரில் ஒரு விஷயம் உண்டு. பொதுப் பயனீட்டுக் கழகம் கிருமி நீக்கக் குளோரமைனைப் பயன்படுத்துகிறது. சாதாரணக் குளோரின் என்றால் வாளியில் ஒரு நாள் பிடித்து வைத்தால் பறந்துவிடும். குளோரமைன் அப்படிப் போகாது. ஆமையை அது உடனே ஒன்றும் செய்யாது, ஆனால் நீங்கள் வாரக்கணக்கில் வளர்த்த பாக்டீரியாவைக் கொன்றுவிடும். அதனால் குளோரமைனையும் நீக்கும் என்று எழுதியிருக்கும் நீர்ப் பதப்படுத்தியை ஊற்றிய பிறகே புதுத் தண்ணீரை விடுங்கள்.

வாரம் ஒரு முறை கால் பங்கிலிருந்து பாதி வரை தண்ணீரை மாற்றுங்கள். சனிக்கிழமை காலை என்று ஒரு நேரம் வைத்துக்கொண்டால் தவறாது. முதலில் ஆமையை வேறு டப்பில் விடுங்கள். குழாய் வைத்து அடியில் தங்கிய கழிவை உறிஞ்சுங்கள். உறிஞ்சி எடுத்த அந்தப் பழைய தண்ணீரில் ஒரு வாளி எடுத்து வைத்து, ஃபில்டர் ஸ்பஞ்சை அதிலேயே பிழியுங்கள். பழுப்பாக, சேறு மாதிரி இறங்கும். அழுக்கு போனால் போதும், ஸ்பஞ்சு வெள்ளையாகத் தேவையில்லை. குழாய்க்கடியில் சோப்புப் போட்டுத் தேய்த்தால் பாக்டீரியா முழுக்கச் செத்து, அடுத்த சில நாளில் தொட்டி நாறும். நன்றாக ஓடும் தொட்டியில் மண் வாசனைதான் வரும். நாற்றம் வந்தால் எங்கோ தவறு இருக்கிறது. அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்ட வேண்டும். அதைப் பார்க்கச் சோதனைப் பெட்டி ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

டெங்கி பற்றியும் சொல்ல வேண்டும். ஃபில்டர் ஓடும், நீர் அசையும் தொட்டியில் ஏடிஸ் கொசு முட்டையிட விரும்பாது. ஆபத்து, பக்கத்தில் மறந்து வைத்த வாளியிலும் உணவு டப்பிலும்தான். வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் கவிழ்த்து வையுங்கள். தேசியச் சுற்றுப்புற வாரிய அதிகாரிகள் சோதனைக்கு வந்தால் அவர்கள் கண்ணில் முதலில் படுவதும் அந்த வாளிதான்.

படி 5: வெளிச்சமும் சூடும்

தண்ணீர்ச் சூட்டுக்கு இங்கே கவலை இல்லை. 24 முதல் 28 டிகிரி வரை போதும், நம் ஊரில் ஏர்கான் இல்லாத அறையில் அது தானாகவே இருக்கும். ஹீட்டர் வாங்க வேண்டாம். குளிர்காலத் தூக்கம் பற்றி வெளிநாட்டுக் கட்டுரைகளில் வருவதையும் தாண்டிப் போய்விடலாம். இங்கே ஆமை ஆண்டு முழுக்க விழித்திருக்கும்.

ஆனால் மேடைக்கு மேலே இரண்டு வகை ஒளி வேண்டும். ஒன்று சூட்டுக்கு: மேடை 32 முதல் 35 டிகிரி இருக்க வேண்டும், ஏறி நின்று உடம்பு முழுக்கக் காய வேண்டும். மற்றொன்று யூவிபி என்ற ஒரு வகைப் புற ஊதாக் கதிர். அந்தக் கதிர் இல்லாமல் தோலில் வைட்டமின் டி3 உருவாகாது, அது இல்லாமல் தின்ற சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேராது. விளைவு, ஓடு மெத்தென்று மாறிக் கோணலாக வளரும். ஒருமுறை கோணிய ஓடு திரும்ப நேராவதில்லை.

ஜன்னலோரம் வைத்திருக்கிறேன், வெயில் வருகிறதே என்று பலர் நினைக்கிறார்கள். ஜன்னல் கண்ணாடி யூவிபியைத் தடுத்துவிடும். தொட்டியின் கண்ணாடி மூடியும் அப்படியே. ஊர்வனவற்றுக்கு என்று 5.0 அல்லது 6 சதவீதம் எனக் குறித்திருக்கும் யூவிபி குழல் விளக்கை மேடையிலிருந்து ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் உயரத்தில், நடுவில் கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ இல்லாமல் மாட்டுங்கள். சரியான தூரம் விளக்குக்கு விளக்கு மாறும், அட்டைப் பெட்டியில் எழுதியிருக்கும். ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் மாற்றிவிடுங்கள். வெளிச்சம் அப்படியே இருக்கும், கதிர் மட்டும் கண்ணுக்குத் தெரியாமல் குறைந்துபோயிருக்கும். பல்ப் மேல் வாங்கிய தேதியை மார்க்கரால் எழுதி வைத்தால் மறக்காது. டைமர் போட்டு நாளுக்கு 10 முதல் 12 மணி நேரம் எரிய விடுங்கள், இரவில் இருட்டு வேண்டும்.

காலை வெயிலில் கால் மணி நேரம் வெளியே வைப்பதும் நல்லது. பாதி நிழல் இருக்க வேண்டும், நீங்களும் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

சரியாக அமைந்தால் ஆமையே சொல்லும். மேடையில் ஏறி, கழுத்தை முழுக்க நீட்டி, பின்னங்கால் இரண்டையும் பின்னால் உதைத்தாற்போல் நீட்டி, விரல்களுக்கு நடுவே இருக்கும் ஜவ்வை விசிறியாக விரித்து, கண்ணை மூடிக் கிடக்கும். அதைப் பார்க்கும்போது வருகிற நிம்மதிக்காகவே இத்தனை வேலையும் செய்யலாம். சில வாரங்களில் ஓட்டின் மேல் கட்டங்கள் ஒவ்வொன்றாகக் கண்ணாடித் தாள் போல உரிந்து மிதக்கும். பயப்பட வேண்டாம், வளர்கிறது என்று அர்த்தம். நீங்களாக உரித்து எடுக்காதீர்கள்.

படி 6: சாப்பாடு

காய்ந்த கூனி இறாலை மட்டும் போட்டு வளர்ப்பதுதான் நம் ஊரில் நடக்கும் பெரிய தவறு. ஆமை அதை ஆசையாகத் தின்னும், ஆனால் அதில் தேவையான சத்து இல்லை. கண் வீங்கி மூடிக்கொள்ளும் ஆமைகளின் பின்னால் பெரும்பாலும் இந்தக் கதைதான் இருக்கும். எப்போதாவது ஒன்றிரண்டு கொடுங்கள், தினசரி உணவாக வேண்டாம்.

அடிப்படை உணவு நீர் ஆமைக்கென்று விற்கும் நல்ல பெல்லட். அளவு, அதன் தலை எவ்வளவு பெரிதோ அவ்வளவு. குஞ்சுக்குத் தினமும் ஒரு வேளை, ஒரு வயது தாண்டினால் ஒரு நாள் விட்டு ஒரு நாள், முழுதாக வளர்ந்த பிறகு வாரத்துக்கு இரண்டு மூன்று முறை. வயது ஏற ஏற இலை தழையின் பங்கு கூட வேண்டும். ரோமேன் லெட்டூஸ் சந்தையில் எப்போதும் கிடைக்கும். கங்குங் நறுக்கிப் போடலாம். துருவிய கேரட், பூசணி வைட்டமின் ஏ தரும். பசலை, தண்டுக்கீரை வகைகளை வழக்கமாகத் தர வேண்டாம். அவற்றில் உள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. குஞ்சுகள் கீரையை முதலில் திரும்பிக்கூடப் பார்க்காது. விடாமல் போட்டுக்கொண்டே இருங்கள், ஒரு நாள் கடிக்கும்.

சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓடு. பறவைக் கடையில் கிடைக்கும். முதுகுப் பக்கம் இருக்கும் கெட்டித் தகட்டைச் சீவி எடுத்துவிட்டு ஒரு துண்டைத் தண்ணீரில் மிதக்க விட்டால் ஆமை வேண்டும்போது கொறித்துக்கொள்ளும்.

சோறு, ரொட்டி, இட்லி, முறுக்கு, உப்புப் போட்டுச் சமைத்த எதுவும் வேண்டாம். தாத்தா பாட்டிக்கு இதைத் தனியாகச் சொல்லி வையுங்கள். கண்ணாடி அருகே வந்து தலையைத் தூக்கிக் கையைக் காலை ஆட்டிக் கேட்கும், பார்த்தால் மூன்று நாள் பட்டினி கிடந்த மாதிரி இருக்கும். எந்நேரமும் அப்படித்தான் கேட்கும், மனம் இளகிவிடக்கூடாது.

முடிந்தால் தனி டப்பில் விட்டு உணவு கொடுங்கள். இந்த ஆமை தண்ணீருக்குள்தான் விழுங்கும், அதனால் டப்பிலும் நீர் வேண்டும். பிய்த்துப் போட்டுத் தின்னும் மிச்சம் பெரிய தொட்டியில் சேராது, ஃபில்டருக்கும் பாதி வேலை குறையும்.

படி 7: கை கழுவுதல்

ஆமைகள் பார்க்க ஆரோக்கியமாக இருக்கும்போதே சால்மொனெல்லா கிருமியைச் சுமந்திருக்கும். அமெரிக்காவில் நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளைச் செல்லப்பிராணியாக விற்க 1975இல் தடை வந்ததே, குழந்தைகள் அவற்றை வாயில் வைத்து நோய்ப்பட்டதால்தான். சின்னக் குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்கும் இந்தக் கிருமி கடுமையாக இருக்கும்.

ஆமையையோ தண்ணீரையோ தொட்ட ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். முத்தம் கொடுப்பது, சோபாவில் நடக்க விடுவது இரண்டும் கூடாது. தொட்டிச் சாமான்களை அடுக்களைத் தொட்டியில் கழுவாதீர்கள். அழுக்குத் தண்ணீரைக் குளியலறையில் ஊற்றிவிட்டு இடத்தையும் கழுவிவிடுங்கள். வாளி, ஸ்பஞ்சு, குழாய் எல்லாம் ஆமைக்கென்று தனியாக இருக்கட்டும். வீட்டில் பணிப்பெண் இருந்தால் அவருக்கும் இதை விளக்கிச் சொல்வது உங்கள் கடமை.

படி 8: உடம்பு சரியில்லை என்றால்

நாய், பூனை பார்க்கும் எல்லா மருத்துவர்களும் ஆமையைப் பார்க்க மாட்டார்கள். ஆமை வீட்டுக்கு வரும் முன்பே இரண்டு மூன்று மருத்துவ நிலையங்களுக்குப் போன் செய்து, 'ஊர்வன பார்ப்பீர்களா, கட்டணம் எவ்வளவு' என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மாதம் ஒரு முறை எடையையும் ஓட்டின் நீளத்தையும் குறித்து வாருங்கள். ஆமை நோயை மறைக்கும் பிராணி, வெளியே தெரியும்போது பெரும்பாலும் முற்றியிருக்கும். எடை குறைவது அதற்கு முன்பே காட்டிக்கொடுக்கும்.

வாயைத் திறந்து மூச்சு விடுவது, மூக்கில் குமிழி, சாய்ந்து மிதப்பது, மேடையை விட்டு இறங்காமலே கிடப்பது ஆகியவை நுரையீரல் தொற்றின் அடையாளங்கள். அன்றே கொண்டுபோக வேண்டும். ஓட்டில் வெள்ளையாகவோ சிவப்பாகவோ புள்ளி விழுந்து, நகத்தால் தொட்டால் மெதுவாக அமுங்கி, கெட்ட வாடை வந்தால் ஓடு அழுகுகிறது. வீங்கிய கண்ணுக்கு மனிதர்களின் கண் சொட்டு மருந்தை விடாதீர்கள். மருத்துவர் வைட்டமின் ஏ கொடுப்பதானாலும் அளவோடுதான் கொடுப்பார், கூடினால் அதுவும் நஞ்சு.

பெண் ஆமை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. ஆண் துணை இல்லாமலே அது முட்டை உருவாக்கும். சாப்பாட்டை விட்டு, நிலையில்லாமல் அலைந்து, பின்னங்காலால் தோண்டப் பார்த்தால் ஈர மணல் நிறைந்த ஆழமான பெட்டி ஒன்றில் தனியாக விடுங்கள். இடமில்லை என்றால் முட்டையை உள்ளேயே அடக்கிக்கொள்ளும், அது உயிருக்கே ஆபத்து. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். புதியவர்களுக்கு ஆண் ஆமையே நல்லது என்று நான் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

படி 9: வைத்துக்கொள்ள முடியாமல் போனால்

பூமலை (தாவரவியல் பூங்கா) ஏரியிலும் மெக்ரிட்சி நீர்த்தேக்கத்திலும் மரத்துண்டில் வரிசையாக வெயில் காயும் ஆமைகளைப் பார்த்திருப்பீர்கள். கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு இருந்தால், அது யாரோ ஒருவர் வீட்டில் இருந்தது, அல்லது அதன் வழிவந்தது. அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பகுதியைச் சேர்ந்த இந்த இனம், உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு இனங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயுசிஎன் வெளியிட்ட பட்டியலில் இருக்கிறது. நம் ஊர் ஆமைகளின் உணவையும் வெயில் காயும் இடத்தையும் பிடித்துக்கொள்கிறது. தொட்டியிலேயே வளர்ந்தவை பல, விட்ட இடத்தில் இரை தேடத் தெரியாமல் செத்தும் போகின்றன.

விசாக தினத்தையொட்டிப் புண்ணியம் என்று விலங்குகளை விடுபவர்களைத் தடுக்கப் பூங்காக் கழகம் ஒவ்வோர் ஆண்டும் ஆட்களை நிறுத்துகிறது. விலங்கை வெளியில் விடுவது குற்றம், அபராதம் உண்டு. குளமோ கால்வாயோ கோயில் தெப்பமோ, எங்கும் விடாதீர்கள். தெரிந்தவர்களிடம் கேளுங்கள், ஆமை வளர்ப்பவர் குழுக்களில் படத்தோடு போடுங்கள், வாங்கிய கடையில் திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்று விசாரியுங்கள். வாங்க வருபவரின் தொட்டிப் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டே கொடுங்கள்.

படி 10: ஊருக்குப் போகும்போது

டிசம்பர் விடுமுறையில் திருச்சிக்கோ மதுரைக்கோ கிளம்பும் குடும்பங்களுக்கு இது வரும். ஆரோக்கியமான பெரிய ஆமை சில நாள் உணவின்றி இருந்துவிடும். அதற்குமேல் என்றால் ஆள் வேண்டும். பெல்லட்டை ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாகக் கட்டித் தேதி எழுதிக் கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் பாவம் பார்த்து அள்ளிப் போட்டு நீரைக் கெடுத்துவிடுவார்கள். கிளம்புவதற்கு முதல் நாள் பாதித் தண்ணீரை மாற்றுங்கள். டைமர் சரியாக ஓடுகிறதா என்று பாருங்கள். வீட்டு மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் போகும் பழக்கம் உள்ளவர்கள், ஃபில்டரும் விளக்கும் ஓட வேண்டும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மற்ற ஸ்விட்சுகளை மட்டும் அணையுங்கள். மருத்துவ நிலையத்தின் எண்ணை, பார்த்துக்கொள்பவரின் கண்ணில் படும்படி தொட்டி மேலேயே ஒட்டி வையுங்கள்.